சிறிய கணினி மொழிகளுக்கு வாசல் எங்கே?

ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை காலை. சமூக மன்ற அறை ஒன்றில் 18 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்திருந்தனர். ‘கிளீம்’ என்ற புதிய கணினி மொழியை அவர்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருந்தேன். நான் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பயிலும் இரண்டாம் ஆண்டு மாணவி. பயிலரங்குக்கு ஒதுக்கப்பட்ட நேரம் இரண்டு மணி. அறையில் உள்ள அனைவரும் முதல் வரியை எழுதி இயக்கிப் பார்த்தபோது 70 நிமிடம் கடந்திருந்தது.

அந்த 70 நிமிடத்தில் யாரும் நிரல் எழுதவில்லை. எல்லாரும் மென்பொருள் நிறுவிக்கொண்டிருந்தோம். கிளீம் இயங்க ‘எர்லாங்’ என்ற இன்னொரு மொழியின் இயங்குதளமும் கணினியில் இருக்கவேண்டும். சிலருக்கு அதன் பழைய பதிப்பு இறங்கியது. சிலருக்கு இரண்டும் இறங்கின, ஆனால் ஒன்று இருக்கும் இடம் மற்றொன்றுக்குத் தெரியவில்லை. பள்ளிச் சாதனம் கொண்டுவந்தவர்களுக்கு எதையும் நிறுவவே அனுமதி இல்லை. குற்றம் என்னுடையதுதான். என் கணினியில் ஓராண்டுக்கு முன்பே எல்லாவற்றையும் நிறுவிவிட்டேன். அது எவ்வளவு சிரமமாக இருந்தது என்பதையே மறந்துபோயிருந்தேன்.

என் பக்கத்தில் இருந்த உயர்நிலை மூன்று மாணவி, திரையில் சிவப்பு எழுத்தில் வந்த செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, எனக்கு கோடிங் வராதுன்னு நினைக்கிறேன்.”

அதுவரை அவர் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வாக்கியம்தான். ஒரு மொழியை முயன்று பார்ப்பது கடினமாக இருந்தால், புதிதாக வருபவர் அந்த மொழியைக் குறைசொல்வதில்லை. தன்னைத்தான் குறைசொல்லிக்கொள்கிறார்.

*சாப்பிட்டவர்களிடம் மட்டும் கேட்ட கேள்வி*

ஸ்டாக் ஓவர்ஃபுளோ நிறுவனம் மென்பொருள் எழுதுவோரிடம் ஆண்டுதோறும் உலகளாவிய கருத்தாய்வு நடத்துகிறது. ஒரு மொழியை ஏற்கெனவே பயன்படுத்துவோரில் எத்தனை பேர் அதைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புகிறார்கள் என்பது அதில் ஒரு கேள்வி. 2025ஆம் ஆண்டு ஆய்வில் ‘ரஸ்ட்’ 72 விழுக்காட்டுடன் முதலிடம் பிடித்தது. 70 விழுக்காட்டுடன் இரண்டாம் இடத்துக்கு வந்தது கிளீம். அதன் முதல் முழுமையான பதிப்பு 2024 மார்ச் 4ஆம் தேதிதான் வெளியானது. நிலைபெற்ற பெரிய மொழிகள் பலவற்றை அது முந்தியது செய்தியாகவும் பேசப்பட்டது.

ஆனால் இந்த எண்ணைக் கவனமாகப் படிக்கவேண்டும். உணவங்காடி நிலையத்தில் ஒரு கடையில் சாப்பிட்டு முடித்தவர்களிடம் மட்டும் “சாப்பாடு எப்படி?” என்று கேட்டால், பெரும்பாலோர் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். நீண்ட வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களின் கருத்து அதில் இருக்காது. சிறிய மொழிகளின் கதையும் இதுதான். உள்ளே போனவர்களுக்குப் பிடித்திருக்கிறது. வாசலிலேயே திரும்பியவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை. என் பயிலரங்கிலிருந்த 18 பேரையும் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

ஆகவே ஒரு சிறிய மொழி வளரவேண்டும் என்றால், மொழி நன்றாக இருக்கிறதா என்ற கேள்வியோடு இன்னொரு கேள்வியும் தேவைப்படுகிறது. அதை முயன்று பார்க்க வருபவர், முதல் வெற்றியைக் காண எத்தனை நிமிடம் ஆகிறது?

*பைத்தான் இருக்கும்போது இது எதற்கு?*

இந்தக் கேள்வியை என்னிடம் பெற்றோரும் கேட்டார்கள், மாணவர்களும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் சாதாரண நிலைக் கணினியியல் பாடத்தில் பைத்தான்தான் இருக்கிறது. வேலை விளம்பரங்களிலும் அதுதான் கண்ணில் படுகிறது. யாரும் அறியாத மொழியில் நேரத்தைச் செலவிடுவானேன்?

முதல் பதில், இன்றைய பெரிய மொழி நேற்றைய சிறிய மொழி. பைத்தானின் முதல் வெளியீடு 1991ல். அப்போது அதுவும் நெதர்லாந்தில் ஒருவர் எழுதிய, சிலருக்கு மட்டும் தெரிந்த மொழியாகத்தான் இருந்தது.

இரண்டாம் பதில், சிறிய மொழிகளில் முளைத்த கருத்துகளைத்தான் பெரிய மொழிகள் பின்னாளில் எடுத்துக்கொள்கின்றன. ஒரே வரியில் பட்டியல் உருவாக்கும் வசதி பைத்தானுக்கு 2000ல் வந்தது. அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று ‘ஹாஸ்கெல்’ என்ற ஆய்வுலக மொழி. 2014ல் ஜாவாவில் சேர்ந்த ‘லாம்டா’வும் அதற்குப் பல ஆண்டு முன்பே இத்தகைய மொழிகளில் பழகிய ஒன்றுதான். அடுத்த பருவத்துக்கான விதைநெல் சிறிய மொழிகளில் இருக்கிறது.

மூன்றாம் பதில், சிறிய மொழி என்றால் சிறிய வேலை என்று பொருளில்லை. கிளீம் சாய்ந்து நிற்கும் எர்லாங், சுவீடனின் எரிக்சன் நிறுவனத்தில் 1986ல் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவானது. ஓர் அழைப்பில் கோளாறு ஏற்பட்டாலும் மற்ற அழைப்புகள் அறுந்துவிடக்கூடாது என்பது அதன் அடிப்படைத் தேவை. அதே குணத்துக்காகத்தான் வாட்ஸ்அப் அதைத் தேர்ந்தெடுத்தது. 2014ல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை 19 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அதற்கு 450 மில்லியன் பயனாளர்கள் இருந்தனர். சில பத்துப் பொறியாளர்களே அவ்வளவு பேருக்கான சேவையையும் தாங்கிக்கொண்டிருந்தனர். நம் குடும்பக் குழுக்களில் காலை வணக்கம் அனுப்பும் ஒவ்வொருவரும் எர்லாங்கின் பயனாளர்தான்.

எர்லாங்கின் எழுத்துநடை பழகுவதற்குச் சற்று வேறு மாதிரி இருக்கும். அதன் வலிமையை எளிய எழுத்துநடையோடும் கண்டிப்பான சோதனையோடும் தரவே பிரிட்டனைச் சேர்ந்த லூயி பில்ஃபோல்ட் கிளீமை உருவாக்கினார். மொழி மிகச் சிறியது. பைத்தானில் நாம் முதல் வாரத்திலேயே கற்கும் ‘இஃப்’, ‘ஃபார்’ போன்ற கட்டளைகள் அதில் இல்லை. அதிலுள்ள குறைந்த கருவிகளைக் கொண்டே எல்லாவற்றையும் எழுதவேண்டும். வேறு விதமாகச் சிந்திக்கப் பழக்கும் என்பதால்தான் அதைப் பயிலரங்குக்கு எடுத்தேன்.

*உலாவியே வகுப்பறை*

இவ்வளவு சொன்ன பிறகும் 70 நிமிடம் 70 நிமிடம்தான். இதற்கு ஒரு தீர்வு ஏற்கெனவே இருந்தது. நான்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

கிளீமின் இணையத்தளத்தில் ‘மொழிச் சுற்றுலா’ ஒன்று இருக்கிறது. ஒரு பக்கத்தில் சிறு பாடம், மறுபக்கத்தில் திருத்தக்கூடிய நிரல், கீழே விடை. எழுத எழுத அது இயங்கிக்கொண்டே இருக்கும். எதையும் நிறுவவேண்டாம், கணக்குத் தொடங்கவேண்டாம்.

இதில் தொழில்நுட்பரீதியாக முக்கியமான ஒன்று இருக்கிறது. இணையத்தில் நிரல் எழுதிப் பார்க்கும் பக்கங்கள் புதியவை அல்ல. ‘கோ’ மொழிக்கு 2010லேயே அப்படி ஒன்று வந்துவிட்டது. ஆனால் அத்தகைய பக்கங்களில் நாம் எழுதுவது தொலைவில் உள்ள சேவைக் கணினிக்குப் போய், அங்கு இயங்கி, விடை திரும்பி வரும். யார் எழுதியதென்று தெரியாத நிரலைத் தம் கணினியில் இயக்க அனுமதிப்பவர்கள் பாதுகாப்புக்கும் மின்சாரத்துக்கும் செலவு செய்தே ஆகவேண்டும். பெரிய நிறுவனத்தின் ஆதரவுள்ள மொழிக்கு அது பொருட்டில்லை. நன்கொடையில் நடக்கும் மொழிக்கு அது சுமை.

2017 முதல் முக்கிய உலாவிகள் எல்லாம் ‘வெப் அசெம்பிளி’ என்ற வடிவத்தை ஏற்கத் தொடங்கின. 2019 டிசம்பரில் அது இணையத்தின் அதிகாரபூர்வத் தரமானது. பிற மொழிகளில் எழுதப்பட்ட பெரிய மென்பொருளையும் உலாவிக்குள்ளேயே வேகமாக இயக்க அது வழிசெய்கிறது. கிளீமின் தொகுப்பி, அதாவது நாம் எழுதுவதைக் கணினி புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள், ரஸ்ட் மொழியில் எழுதப்பட்டது. அதையே வெப் அசெம்பிளியாக்கி உலாவிக்குள் வைத்துவிட்டார்கள். நாம் எழுதும் நிரல் ஜாவாஸ்கிரிப்டாக மாறி நம் உலாவியிலேயே இயங்குகிறது. நூறு பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் நிரலை இயக்கும் வேலை அவரவர் கணினியில்தான் நடக்கிறது. சிறிய மொழி ஒன்று தன் வாசலைப் பெரிய மொழிக்கு இணையாகத் திறந்து வைப்பது இப்போது கட்டுப்படியாகும் செலவாகிவிட்டது.

சிங்கப்பூரில் இதற்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. தேசிய மின்னிலக்க அறிவுத் திட்டம் 2020ல் அறிவிக்கப்பட்டபோது எல்லா உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கும் சொந்தக் கற்றல் சாதனம் 2028க்குள் என்பதே இலக்கு. கொவிட்-19 காரணமாக அது 2021 முடிவுக்கே முன்தள்ளப்பட்டது. அந்தச் சாதனங்களில் நிர்வாக மென்பொருளும் இருக்கிறது. மாணவர்கள் பாடத்திலிருந்து விலகிப் போகாமல் இருக்க அது தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதனால் விளையும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். வீட்டில் தனிக் கணினி உள்ள மாணவர் எதையும் நிறுவி முயன்று பார்க்கலாம். பள்ளிச் சாதனம் மட்டுமே உள்ள மாணவருக்குக் கிடைக்கும் கணினி மொழி என்பது உலாவியில் திறக்கும் மொழி மட்டும்தான். ஆகவே உலாவியில் இயங்குமா என்பது வசதி தொடர்பான கேள்வி மட்டுமில்லை. யாருக்கெல்லாம் ஆர்வத்தைப் பின்தொடர வாய்ப்பு கிடைக்கிறது என்ற கேள்வியும்கூட.

நம்மில் பலர் தொடக்கப்பள்ளியில் பழகிய ‘ஸ்கிராட்ச்’ இதை முன்பே உணர்ந்திருந்தது. 2007ல் வந்தபோது அதைக் கணினியில் நிறுவவேண்டியிருந்தது. 2013ல் வந்த இரண்டாம் பதிப்பு உலாவிக்கே மாறியது.

*முதல் பிழையில் என்ன சொல்கிறது?*

வாசலைத் தாண்டியதும் அடுத்து காத்திருப்பது பிழைச்செய்தி. புதிதாக எழுதுபவரோடு ஒரு மொழி அதிகம் பேசுவது அதன் வழியாகத்தான்.

ஓர் உதாரணம். பைத்தானில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முன்பெல்லாம் அது அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி, இலக்கணம் தவறு என்று மட்டும் சொல்லும். அந்த வரியில் தவறே இருக்காது. அரை மணி நேரம் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கும் உண்டு. 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு, எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்பதையே நேராகச் சொல்கிறது. மொழி மாறவில்லை, அது பேசும் விதம் மாறியது.

இந்த மாற்றத்துக்கு முன்னோடியாக இருந்தது ஒரு சிறிய மொழிதான். இவான் சப்ளிக்கி உருவாக்கிய ‘எல்ம்’, இணையப் பக்கங்களுக்கான மொழி. மனிதர்களுக்குப் புரியும் பிழைச்செய்தி வேண்டும் என்பதை 2015ல் அது தன் முக்கிய இலக்காக அறிவித்தது. எந்த இடத்தில் தவறு, எதை எதிர்பார்த்தது, எதைக் கண்டது, என்ன செய்து பார்க்கலாம் என்று ஒரு நண்பர் பக்கத்தில் இருந்து சொல்வதுபோல அதன் செய்திகள் இருந்தன. அடுத்த ஆண்டே ரஸ்ட் மொழியினர் தங்கள் செய்திகளைப் புதுப்பித்தபோது எல்மிடமிருந்து கற்றதை வெளிப்படையாகச் சொன்னார்கள். கிளீமும் அதே வழியில்தான் போகிறது.

என் பயிலரங்கில் அந்த மாணவி பார்த்த சிவப்பு எழுத்து கிளீமுடையதே இல்லை. எர்லாங்கைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கணினி சொன்ன செய்தி. மொழியை உருவாக்கியவர்கள் எவ்வளவு கனிவாக எழுதியிருந்தாலும், அதைப் படிக்கும் இடம்வரை அவரால் வரமுடியவில்லை.

*ஒரே நாளில் எல்லாம் வேண்டாம்*

மூன்றாவது தடை பாடத்தின் அளவு. கிளீமின் சுற்றுலா நன்றாக இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே கொஞ்சம் நிரலாக்கம் தெரிந்தவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. முதன்முதலாக எழுத வருபவருக்கு அது வேகம்.

இதற்கு நல்ல முன்மாதிரி நம் ஊரிலேயே இருக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கணினியியல் முதலாண்டுப் பாடம் ஒன்று ‘சோர்ஸ்’ என்ற மொழியில் நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, நான்கு படிகளாகப் பிரித்துச் செய்யப்பட்ட மொழி அது. முதல் படியில் மிகச் சில கட்டளைகளே இருக்கும். அவற்றைக் கொண்டு சிந்திக்கப் பழகிய பிறகே அடுத்த படி திறக்கும். ‘சோர்ஸ் அகாடமி’ என்ற இணையத்தளத்தில் எல்லாமே உலாவிக்குள் நடக்கிறது. தொடக்கப் பயிற்சியிலேயே படங்களைச் சுழற்றி அடுக்கிக் கோலங்கள் உருவாக்கலாம். அங்குப் படிக்கும் என் தோழி முதல் வாரத்திலேயே தான் செய்த வடிவத்தைக் கைப்பேசியில் எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

இதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் ஏபெல்சன், ஜெரால்ட் சஸ்மன் இருவரும் ஜூலி சஸ்மனுடன் எழுதி 1985ல் வெளியான பாடநூல், ‘ஸ்கீம்’ என்ற சிறிய மொழியைக் கொண்டு கணினியியலின் அடிப்படையைக் கற்பித்தது. அதன் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஹென்ஸும் சுவீடனின் தோபியாஸ் ரிக்ஸ்டாடும் உருவாக்க, 2022ல் எம்ஐடி பதிப்பகம் வெளியிட்டது. என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. சோர்ஸ் அகாடமியின் மென்பொருளைக் கட்டியதில் பெரும்பங்கு மாணவர்களுடையது. முந்திய ஆண்டு தடுமாறியவர்களே அடுத்த ஆண்டு வருபவர்களுக்கு வழி அமைத்திருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் ஃபெலியன் ஹெர்மன்ஸ் 2020ல் தொடங்கிய ‘ஹெடி’ மொழியும் இதே படிமுறையைப் பின்பற்றுகிறது. முதல் நிலையில் அடைப்புக்குறியோ மேற்கோள்குறியோ தேவையில்லை. நிலை ஏற ஏற ஒவ்வொன்றாகச் சேர்ந்து, கடைசியில் மாணவர் எழுதுவது பைத்தானாகவே இருக்கும். கட்டளைச் சொற்களை அரபு உட்படப் பல மொழிகளில் எழுதலாம்.

தமிழிலும் இந்த முயற்சி நடந்திருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பற்றிய ஆய்வுக்கட்டுரை 2009லேயே வெளியானது. அதில் திரையில் ஒன்றைக் காட்ட இப்படி எழுதினால் போதும்:

பதிப்பி "வணக்கம்"

‘ஆனால்’, ‘இல்லை’, ‘முடி’, ‘பின்கொடு’ என்று கட்டளைகள் எல்லாம் நாம் பேசும் சொற்கள். பயிலரங்கில் இதைக் காட்டியபோது சிரிப்பொலி எழுந்தது. ‘பதிப்பி’ என்பதைத் தாய்மொழிப் பாடத்தில் ‘பதிப்பகம்’, ‘பதிப்பாசிரியர்’ என்று மட்டுமே பார்த்திருந்தார்கள். ஆங்கிலத்திலேயே நிரலாக்கம் கற்கும் நமக்கு எழில் கட்டாயத் தேவை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கணினி மொழியின் சொற்கள் இயற்கையாக விளைந்தவை இல்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தவை என்பதை அந்த ஒரு வரி சட்டென்று புரியவைக்கிறது. தேர்ந்தெடுத்தது என்றால் மாற்றவும் முடியும், எளிதாக்கவும் முடியும்.

*செயற்கை நுண்ணறிவு இருக்கிறதே?*

இன்று ஒரு மாணவர் புதிய மொழியில் சிக்கிக்கொண்டால் முதலில் கேட்பது ஆசிரியரிடம் இல்லை, உரையாடு செயலியிடம். பைத்தானுக்கு இது பெரும்பாலும் பயனளிக்கிறது. பல கோடி வரிப் பைத்தான் நிரல் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது, செயலிகள் அதிலிருந்தே கற்றிருக்கின்றன. சிறிய மொழிகளில் அவ்வளவு எழுத்து இல்லை. கிளீம் பற்றி நான் கேட்டபோது, அந்த மொழியில் இல்லாத கட்டளைகளையே மிக உறுதியோடு எழுதித் தந்த செயலியையும் பார்த்தேன். எனக்குத் தவறு தெரிந்தது. முதல் நாள் மாணவருக்குத் தெரியாது. அவர் மறுபடியும் தன்னைத்தான் குறைசொல்லிக்கொள்வார்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. செயலிக்கு நன்றாகத் தெரிந்த மொழியையே எல்லாரும் தேர்ந்தெடுத்தால், அந்த மொழியில் மேலும் எழுத்து சேரும், செயலி அதை மேலும் நன்றாகக் கற்கும். சிறிய மொழிகள் இன்னும் சிறிதாகும். தமிழைப் பற்றி நாம் கவலைப்படும் அதே சுழல் கணினி மொழிகளுக்கும் இருக்கிறது. ஆனால் இதற்கு எதிர்த்திசையில் ஒன்றும் நடக்கிறது. கண்டிப்பாகச் சோதித்து, தெளிவாகப் பிழை சொல்லும் மொழியில் செயலி தவறு செய்தால் தொகுப்பி உடனே பிடித்துவிடும். நல்ல பிழைச்செய்தி மனிதருக்கு உதவுவதுபோலவே, செயலியை நம்பி வந்தவரையும் காப்பாற்றுகிறது.

*இரண்டாம் முறை*

செப்டம்பர் பள்ளி விடுமுறையில் அதே குழுவை மீண்டும் அழைத்தேன். 11 பேர் வந்தார்கள். வராத ஏழு பேருக்கும் வேறு வேலை இருந்திருக்கலாம். முதல் பயிலரங்கும் காரணமாக இருந்திருக்கலாம்.

இம்முறை எதையும் நிறுவவில்லை. ஒரு முகவரியைப் பலகையில் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் 11 பேரின் திரையிலும் விடை வந்தது. பாடங்களை வரிசையாகப் போகவிடாமல், தேவையான நான்கை மட்டும் எடுத்து, இடையில் சிறு பயிற்சிகளை நானே சேர்த்தேன்.

கடைசிப் பயிற்சி புள்ளிக்கோலம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, மறுபடியும் ஐந்து, மூன்று, ஒன்று என்று நேர்ப்புள்ளி வரிசைகளைத் திரையில் வரவழைக்கவேண்டும். கிளீமில் ‘ஃபார்’ கட்டளை இல்லாததால், தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் செயற்கூறு ஒன்றை எழுதவேண்டும். பல்கலைக்கழக மாணவர்களையே தடுமாற வைக்கும் கருத்து இது. “வாசலில் கோலம் போடும்போது ஒரு வரிசை முடிந்ததும் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன். ஜூனில் தனக்குக் கோடிங் வராது என்று சொன்ன மாணவிதான் பதில் சொன்னார்: “அடுத்த வரிசைக்குப் போய் அதையே செய்வேன். ஆனா ரெண்டு புள்ளி கூட.” அதுதான் அந்தச் செயற்கூறு. அதை எழுதி முடிக்க அவருக்கு 40 நிமிடம் ஆனது. நான்கு முறை பிழை வந்தது. நான்கு முறையும் செய்தியைப் படித்து அவரே திருத்தினார்.

எல்லாம் சுபம் என்று முடித்துவிட முடியாது. அவர் உடனே அடுத்த கேள்வி கேட்டார்: பாட்டி குறிப்பேட்டில் வைத்திருக்கும் கோலங்களின் புள்ளிக் கணக்கைத் தட்டச்சு செய்து ஒரு கோப்பில் வைத்தால், இந்த நிரல் அதைப் படித்து வரையுமா? வரையும். ஆனால் சுற்றுலாப் பக்கத்தில் இயங்கும் நிரல் அவர் மடிக்கணினியில் உள்ள கோப்பைத் தானாகத் திறக்க முடியாது. பாதுகாப்புக்காக உலாவி அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அதற்கு மொழியைச் சொந்தக் கணினியில் நிறுவவேண்டும். நாங்கள் மறுபடியும் அந்த 70 நிமிடத்தின் முன்னால் வந்து நின்றோம்.

உலாவி முதல் வாசலை அகலமாகத் திறக்கிறது. முன்கூடத்திலிருந்து வீட்டுக்குள் போகும் இரண்டாவது கதவு இன்னும் பழைய இடத்திலேயே இருக்கிறது. சிறிய மொழிகளை உருவாக்குபவர்கள் அடுத்துக் கவனிக்கவேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து. ‘முயன்று பார்த்தேன்’ என்பதற்கும் ‘எனக்காக ஒன்று செய்தேன்’ என்பதற்கும் நடுவில்தான் அதிகம் பேர் காணாமல்போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

*நாம் என்ன செய்யலாம்?*

இது தொகுப்பி எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் தீர்க்கக்கூடிய பிரச்சினை இல்லை. கிளீம், ரஸ்ட், ஹெடி, எழில் எல்லாமே திறந்த மூல மென்பொருள்கள். அவற்றின் வழிகாட்டிகளில் ஒரு குழப்பமான வாக்கியத்தைத் திருத்தவும், தவறிய படி ஒன்றைச் சுட்டிக்காட்டவும் யாருக்கும் அனுமதி உண்டு.

இதில் வல்லுநர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. எங்கே புரியவில்லை என்பது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. எனக்கு ஓராண்டிலேயே அது மறந்துபோனதால்தான் 18 பேரின் காலைப்பொழுது வீணானது. எனவே அடுத்த முறை ஒரு புதிய கருவியைத் தொடும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் படியில் நின்றீர்கள், என்ன செய்தி வந்தது, எப்படிச் சரியானது என்று எழுதுங்கள். அந்தத் தாள் உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு எந்தப் பாடநூலையும்விட உதவும்.

பள்ளிகளில் கணினி மன்றம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தவணையில் ஒரே ஒரு மணி நேரமாவது, தேர்வில் வராத ஒரு மொழியை உலாவியில் திறந்து பாருங்கள். மதிப்பெண் இல்லை என்பதால் பிழை வந்தாலும் யாருக்கும் பயம் இருக்காது.

டிசம்பர் விடுமுறையில் மூன்றாவது பயிலரங்கு. மொழியைச் சொந்தக் கணினியில் நிறுவுவதற்கென்றே ஒரு முழுக் காலையை ஒதுக்கியிருக்கிறோம். நிறுவும் படிகளைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பக்கத்தில் எழுதும் பொறுப்பை அந்த மாணவி ஏற்றிருக்கிறார். தன் வீட்டுக் கணினியில் நிறுவ அவருக்கு 55 நிமிடம் ஆனதாம். எந்தெந்த நிமிடம் எங்கே போனது என்று ஒரு பட்டியலை எனக்கு அனுப்பியிருக்கிறார். மூன்றாவது வரியில் இப்படி எழுதியிருந்தார்: “இந்த இடத்தில் என் தவறு எதுவும் இல்லை. வழிகாட்டியில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது.”